கேட்டில் திணறிய மோட்டார் சைக்கிள்

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பட்டாசு ஆலை இருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. ஆலையின் காவல்காரர் சோலைமலை மகா கண்டிப்பானவர். மடியில் பீடி இருந்தால் முதலாளியைக்கூட உள்ளே விடமாட்டார் என்று ஊரே சொல்லும்.

அவருடைய மகள் செல்லக்கனிக்குப் பத்து வயது. அம்மா பிரசவத்துக்காக வெம்பக்கோட்டைக்குப் போயிருந்தாள். அதனால் அப்பாவுக்குத் தூக்குவாளியில் மதியக் கஞ்சி கொண்டுபோவது செல்லக்கனியின் வேலை.

அன்று அவள் போனபோது கேட்டில் ஒரே கூட்டம். நடுவில் அப்பா தரையில் கிடந்தார்.

"தண்ணித் தொட்டிப் பக்கம் நல்ல பாம்பு கொத்திருச்சு தாயி" என்றார் போர்மேன் கண்ணுச்சாமி.

அப்பாவின் கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. மகளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு குழறியது. செல்லக்கனி ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நல்லவேளை, டாக்டர் சங்கரலிங்கம் ஆலைக்குள் இருந்தார். கை வெந்துபோன ஒருவருக்கு மருந்து போட வந்தவர். இந்தப் பக்கத்துக்குப் புதியவர்.

"விஷமுறிவு ஊசி சாத்தூர் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. உடனே கொண்டுபோகணும். தாமதிச்சா மூச்சு நின்னுரும்" என்றார் அவர்.

லாரி காலையிலேயே லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பஸ் சாயங்காலம்தான் வரும். டாக்டரின் பழைய மோட்டார் சைக்கிளை விட்டால் வேறு கதியில்லை.

டாக்டர் உதைத்தார். நாலாவது உதையில்தான் இன்ஜின் உயிர் பெற்றது. டுப்... டுப்... என்று நோயாளி மாதிரி திணறியது. வேகம் கொடுத்தால் இருமியது. அப்படியே நின்றுவிட்டது.

"பெட்ரோல் இருக்கா பாருங்க!" என்றார் கண்ணுச்சாமி.

பாதித் தொட்டி இருந்தது. டாக்டர் அவசர அவசரமாகப் பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்துக் கறுத்திருந்தது. துடைத்து மாட்டி மறுபடி உதைத்தார். மறுபடி அதே திணறல்.

"வரும்போது நல்லாத்தானே ஓடுச்சு! இங்கன நிறுத்துன பிறகு என்ன வந்துச்சு இதுக்கு?" டாக்டரின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

செல்லக்கனி வண்டிக்குப் பின்னால், அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கேட்டை விட்டுப் போகிற எந்த வண்டியும் சைலன்சர் காற்றால் அவள்மேல் புழுதியை வாரி இறைக்காமல் போனதில்லை. இப்போது இன்ஜின் ஓடுகிறது. ஆனால் சைலன்சருக்குக் கீழே ஒரு தூசிகூட அசையவில்லை. புகையையும் காணோம்.

'மூச்சு வெளியே வரலையே!' என்று நினைத்தாள். மறுநொடி எல்லாம் விளங்கிவிட்டது.

"டாக்டரய்யா! சைலன்சருக்குள்ள சாக்கு இருக்கு!"

"நீ சும்மா இரு தாயி" என்றார் கண்ணுச்சாமி.

"இல்ல மாமா! எந்த வண்டி வந்தாலும் அப்பா ஈரச்சாக்க உள்ள திணிப்பாக. நிறுத்துன வண்டியில மிச்சமிருக்குற பொறி பறந்து, காயுற வெடியில விழுந்துறக் கூடாதுல்ல? திணிச்சதும், போகும்போது எடுக்க மறந்துறக் கூடாதுன்னு ஹேண்டில்ல செவப்புத் துணி கட்டுவாக. இப்பத் துணியக் காணோமே! அதுக்குள்ள பாம்பு கொத்திருச்சு போல!"

டாக்டர் குனிந்து பார்த்தார். வெகு ஆழத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. விரல் எட்டவில்லை.

செல்லக்கனி தூக்குவாளியின் கம்பிக் கைப்பிடியைப் பிடுங்கினாள். நுனியைக் கொக்கி போல வளைத்துக் கொடுத்தாள். டாக்டர் உள்ளே விட்டு இழுத்தார். புகைந்து கருகிய சாக்குத் துண்டு ஒன்று வெளியே வந்து விழுந்தது.

அடுத்த உதையில் வண்டி உறுமியது. சோலைமலையை நடுவில் உட்கார வைத்தார்கள். கண்ணுச்சாமி பின்னால் ஏறி அவரை இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டி சாத்தூர்ச் சாலையில் பறந்தது. கஞ்சி மண்ணில் கொட்டிக் கிடந்தது.

அன்றிரவு பக்கத்து வீட்டு மாரித்தாய் எவ்வளவு கெஞ்சியும் செல்லக்கனி ஒரு வாய் சாப்பிடவில்லை. உறங்கவும் இல்லை.

விடிந்ததும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடினாள். டாக்டர் மட்டும் வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"உங்கப்பா பிழைச்சிட்டாரு" என்றார் டாக்டர். "கண்ணு முழிச்சதும் முதல்ல என்ன கேட்டாரு தெரியுமா?"

"என்னயக் கேட்டாகளா?"

"நீ ரெண்டாவதுதான். 'வண்டியில சாக்கு இருக்கே, எடுத்துட்டீகளா'ன்னு என்னையப் பிடிச்சு அதட்டுறாரு! எடுத்தாச்சுன்னா நம்ப மாட்டேங்குறாரு. 'எம்மக வந்து சொல்லட்டும்'ங்கிறாரு. ஏறு வண்டியில."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் செல்லக்கனிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்வதற்காக ஏறி உட்கார்ந்தாள்.