நடக்கும் தூசி

மம்சாபுரத்துப் பள்ளி ஒன்றின் தோட்டத்தில் ஐந்து கத்தரிச் செடிகள் வாடிக்கொண்டிருந்தன. இலைகளில் பச்சை போய், ஊசியால் குத்தியதுபோல் வெளிர்மஞ்சள் புள்ளிகள் நிறைந்திருந்தன.

தோட்டப் பொறுப்பு ஆறாம் வகுப்பு சிவரஞ்சனியிடம் இருந்தது. அந்த வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் ஜாஸ்மின்.

“நீ தண்ணியே ஊத்தலை. அதான் காயுது,” என்றாள் சிவரஞ்சனி, எல்லோர் முன்னாலும்.

“தெனமும் ரெண்டு வாளி ஊத்துனேன்.”

யாரும் நம்பவில்லை. ஜாஸ்மின் மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பரிபூரணம் டீச்சர் வந்து பார்த்தார். “இது இனி தேறாது. நாளைக்குப் பிடுங்கிட்டு வேற நடுவோம்.”

மாலையில் சிவரஞ்சனி தானே வாளியோடு போனாள். கடைசியாக ஒருமுறை ஊற்றிப் பார்க்கலாமே என்று ஒரு நப்பாசை. மண்ணைத் தொட்டாள். ஈரம். விரலை உள்ளே விட்டாள். அடியிலும் ஈரம்தான்.

ஊற்றாமலே வாளியைக் கீழே வைத்தாள்.

ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் மெல்லிய நூலாம்படை, அதில் ஏதோ தூசி. நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, இலைக்குக் கீழே பிடித்துத் தட்டினாள். மிளகாய்த்தூள் போலச் சில புள்ளிகள் விழுந்தன. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு புள்ளி மெல்ல நடந்தது. பிறகு இன்னொன்று.

மறுநாள் காலை முதல் வேலையாக ஜாஸ்மினைக் கூட்டிவந்து, இன்னோர் இலையைத் தாளில் தட்டிக் காட்டினாள். ஜாஸ்மின் தாளையே பார்த்தாள்.

“என்னச் சொல்லுறதுக்கு முன்னாடியே மண்ணத் தொட்டுப் பாத்திருக்கலாம்லா?”

சிவரஞ்சனி தாளை டீச்சரிடம் கொண்டுபோனாள்.

டீச்சர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “எட்டுக் கால் இருக்கு. இது செஞ்சிலந்திப் பேன். இலைச் சாறை உறிஞ்சுது. வெயிலும் ரோட்டுப் புழுதியும் இதுக்குக் கொண்டாட்டம்.”

“அப்போ பிடுங்கணுமா டீச்சர்?”

“வேண்டாம். ரொம்பக் கெட்ட இலையக் கிள்ளிரு. இலைக்கு அடியில தண்ணியப் பீய்ச்சி அடி. விடாம செஞ்சா குறைஞ்சிரும்.”

வகுப்பு தொடங்கியதும் சிவரஞ்சனி எழுந்தாள். காது சூடாக இருந்தது.

“டீச்சர், ஜாஸ்மின் தெனமும் தண்ணி ஊத்தியிருக்கா. நான்தான் பாக்காமலே அவளச் சொல்லிட்டேன்.”

மதியம் சிவரஞ்சனி தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, ஜாஸ்மின் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

பத்து நாளில் புள்ளியில்லாத தளிர்கள் வந்தன. அன்றும் சிவரஞ்சனி இலைகளைத் திருப்பிப் பிடிக்க, ஜாஸ்மின் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்தாள். திடீரென்று தண்ணீர் சிவரஞ்சனி முகத்தில் பாய்ந்தது.

“தெரியாம பட்டுருச்சு,” என்றாள் ஜாஸ்மின்.

சற்று நேரத்தில் மறுபடியும் தெரியாமல் பட்டது.

சிவரஞ்சனி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்போடு அடுத்த இலையைத் திருப்பினாள்.