நெருக்கமான மரங்களுக்கு ஏற்ற கட்டை

பனையில் பலகை முட்டுகிற சத்தம் அது. கொடிகாமத்துக்கு அப்பால், சுற்றவரப் பனை நிற்கிற வெள்ளை மணல் வளவுக்குள், தம்பி லோஜன் இறந்த செய்தி வந்த மறுநாள், பொழுதுபட்ட மைம்மலில்தான் கோபிசங்கர் அதை முதலில் கேட்டான். டொக். பிறகு நீண்ட மூச்சு மாதிரி மணல் உரசல். மறுபடி டொக். காவோலை என்றால் ஒருக்கால்தான் விழும். மாடு என்றால் சலித்துப்போய்ப் படுத்திருக்கும். இது சலிக்கவில்லை. நாளுக்கு ஒரு பனை வீதம் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கோபிசங்கர் பார்த்த வேலையைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். வெண்பனியைக் கண்ணால் காணாதவன், ஐஸ் போட்ட சர்பத் குடித்தாலே தடிமன் பிடிக்கிறவன், கனடாவில் உள்ள ஒரு கடைக்காக வீட்டில் வேர்வை வழிய இருந்து, பனியில் சறுக்கிப் போகிற ஸ்கீக் கட்டைகளைக் கணினி வழியே வெள்ளைக்காரருக்குத் தெரிவுசெய்து கொடுத்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன்தான். மாவாக உதிர்கிற புதுப்பனிக்கு அகலமான கட்டை. அகலம் மிதக்க விடும். ஆள் போகாத திறந்த மலைச்சரிவுக்கு நீளமானது; வேகத்தில் தள்ளாடாது. மரங்கள் நெருங்கி நிற்கிற இடத்துக்குக் குட்டையானது, நினைத்தவுடன் திரும்பும். தொட்டுப் பழகட்டும் என்று கடை அனுப்பிவைத்த குட்டைச் சோடி ஒன்று அவனுடைய மேசைக்கு மேலே ஆணியில் தொங்கியது.

லோஜன் ஊரிலிருந்த கேதீஸ்வரிச் சின்னம்மாவின் மகன்; கனடாவுக்குப் போனவன். எந்தச் சோடி வாங்கலாம் என்று தொலைபேசியில் கேட்டபோது, அடர்ந்த மரங்களுக்குள்ளேதான் போகப்போகிறேன் என்று தெளிவாகவே சொன்னான். கூடவே, "பனியைக் காணாத மனிசனிட்டைக் கேக்கிறன் பாருங்கோ, கோபியண்ணை" என்று சிரித்தும்விட்டான். அந்தச் சிரிப்பு எங்கேயோ குத்தியது. கடையில் விலைப்படாமல் தேங்கிக் கிடந்த ஆக நீளமான சோடி கோபிசங்கரின் நினைவுக்கு வந்தது.

"அதை எடு. பறப்பாய்," என்றான், ஆணியில் தொங்கியதை அண்ணாந்து பார்த்தபடியே.

லோஜன் திரும்பி வரவில்லை. ஒரு மரத்தடியில், பனி இறுகாமல் பொக்கென்று கிடந்த குழிக்குள் தலைகீழாகப் போயிருந்தான். உடலை எடுத்தார்கள். கட்டைகள் அகப்படவில்லை.

"அண்ணை பாத்துத் தெரிஞ்சு தந்தது எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவன்," என்று கேதீஸ்வரிச் சின்னம்மா கோபிசங்கரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. கோபிசங்கர் ஓம் என்றான். அன்று மைம்மலில் சத்தம் அவனுடைய கிணற்றடிக்கு வந்துவிட்டது.

நீளம் கூடிப்போச்சு. திரும்ப ஏலாமல் முட்டுப்படுகிறான். ஊரில் வேறு ஒருவருக்கும் விளங்கியிராது. அவனுக்கு உடனே விளங்கியது. தொழில் அப்படி.

எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு அன்று, சின்னம்மா வீட்டு அறையில் செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். ஒடியல் கூழ், கணவாய்க் கறி, சிவப்புச் சோடா. அவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே இருப்பது வழக்கம். சாத்துவதற்கு முன் கோபிசங்கர் குட்டைச் சோடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"உதென்ன தம்பி?"

"அவனுக்கு இதுதான் வேணும், சின்னம்மா."

இதைத்தான் குடுத்திருக்க வேணும் என்ற மிச்சத்தைச் சொல்லாமல் துணியின் முனையை இழுத்து மூடினான்.

கதவைத் திறந்தபோது கூழில் ஆடை கட்டியிருந்தது. கணவாயை எறும்பு மட்டும் தொட்டிருந்தது. கட்டைகளைக் காணவில்லை, சுற்றியிருந்த துணி தொப்பமாக நனைந்து கிடந்தது. படைத்ததையே திருப்பிக் களவெடுக்கிற ஆளென்று இனசனம் முணுமுணுத்தது. கோபிசங்கருக்கு அந்த ஏச்சு மருந்து போல இருந்தது.

வளவுக்குள் நுழைந்தபோது பொழுது கறுத்துவிட்டது. காய்ந்த ஓலை மணம், தூரத்தில் யாரோ குப்பை எரிக்கிற புகை மணம், அவ்வளவுதான். டொக் இல்லை. பல நாளைக்குப் பிறகு நெஞ்சு இளகியது.

இந்த மாதிரிக் காரியத்துக்குப் போனவன் குளிக்காமல் வீட்டுக்குள் போகக்கூடாது. கிணற்றுக்குள் வாளியை இறக்கினான். முதல் வாளித் தண்ணீரில் வெயில் மிச்சமிருந்தது. அடுத்தது பல்லைக் கூசவைத்தது. அதற்கடுத்த வாளி இறங்கவில்லை. கீழே இறுகிய எதிலோ முட்டி, அப்படியே நின்றது.

சர்ர்ர்.

இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். ஒரு பனையைச் சுற்றி. அடுத்ததைச் சுற்றி. எதிலும் முட்டவில்லை. எவ்வளவு வடிவாகத் திரும்புகிறான். சரியான தெரிவு.

பிறகு அதுவும் நின்றது.

வாசலில் நீளச் சோடி. பக்கத்துக்குப் பக்கம். முனைகள் பனைகளைப் பார்த்தபடி. உருகாத வெள்ளை மா ஒட்டியிருந்தது. காலை மாட்டுகிற பூட்டுகள் திறந்திருந்தன. மாற்றி எடுத்தால் பழையதைத் திருப்பித் தரவேண்டும் என்பது கடைச்சட்டம். லோஜன் ஒழுங்கான பொடியன்.

ஓடத்தான் நினைத்தான். கால்கள் வாசலுக்கு நடந்தன. வாயைத் திறந்தான். வெள்ளை ஆவி வந்தது.

முன்னால் நின்ற பனையின் அடியில், மணலுக்குள்ளிருந்து இரண்டு கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்கால் வரை. குட்டைக் கட்டைகள் மாட்டியபடி. மெல்ல ஆடின. வா என்கிற மாதிரி.

கோபிசங்கரின் வெறுங்குதிக்காலைக் குளிராக ஏதோ கவ்வியது.

கிளிக்.

மற்றக் காலையும்.