கேமராவைப் பிடித்திருந்தவர்

“யாரைக் கேட்டு எங்க அப்பாவை அழிச்சீங்க?”

மழையோடு மழையாகக் கடைக்குள் நுழைந்த கணக்கு டீச்சர் குடையைக்கூட மடக்கவில்லை. பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் அந்த இளைஞன், ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திருதிருவென விழித்தான்.

“நானா? மேடம், அந்தப் படத்துல உங்கப்பாவே இல்லையே...”

“எப்படி இருப்பார்? கேமராவைப் பிடிச்சிருந்ததே அவர்தானே!”

அவனுக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தில் குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது. தாய் கைதட்டிக் கூப்பிடுகிறாள். குறுக்கே, காதைப் பிளக்கிற கரகர இரைச்சல்... அதைத்தான் அவன் மெனக்கெட்டு வழித்தெடுத்து, தாயின் குரலைப் பளிச்சென்று ஆக்கியிருந்தான். பாராட்டு வேறு எதிர்பார்த்திருந்தான், பாவம்.

“அது மைக் தாங்காம வெடிச்ச சத்தம் மேடம். பேச்சுன்னே தெரியலை...”

“மைக்கை ஒட்டி நின்னு கத்தினா வெடிக்காதா? நான் முதல்முதலா நடந்த சந்தோஷம் அவருக்கு! போன வருஷம் போய்ட்டார்... அவர் குரல் வேற எங்கேயுமே இல்லை. தெரியுமா உங்களுக்கு?”

கோபத்தில் சிவந்த அந்தப் பெரிய கண்களில் நீர் தளும்பியது. ‘என் வேலையை எனக்குச் சொல்லித் தராதீங்க’ என்ற வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்து, ஆண்டவன் புண்ணியத்தில் அங்கேயே நின்றது.

“தப்புதான். கேசட் பத்திரமா இருக்கு, திரும்ப முதல்லேருந்து செய்றேன். பதிவாகும்போதே நசுங்கிப்போன சத்தம் முழுசா வராது... முடிஞ்சவரைக்கும் மீட்டுத் தர்றேன்.”

“உங்களை நம்பணுமா?”

“வேண்டாம். பக்கத்துலயே உட்கார்ந்து பாருங்க.”

பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வந்தாள். அவன் சத்தத்தைத் தாழ்த்தி, வெடிப்புகளை ஒவ்வொன்றாக மழுக்குவான். அவள் திட்டுவாள்.

“இது எங்கப்பா இல்லை... தகர டப்பா!”

“டீச்சர், என்னை பெஞ்சு மேல ஏத்திடாதீங்க.”

சிரித்துவிடுவாள்... சிரித்ததற்காகவும் அவன் மேலேயே கோபித்துக்கொள்வாள்.

ஒரு மாலையில் அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்தார். “சுண்டெலி நடக்குதுடி! இங்க பாருடி, நம்ம சுண்டெலி!”

சுண்டெலி அழுதாள். அவன் ஒரு தம்ளர் தண்ணீரை அருகில் வைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

“ஒண்ணு சொல்லணும்...” திரும்பாமலே சொன்னான். “இது முந்தாநாளே முடிஞ்சிருச்சு. நேத்து வேணும்னேதான் பழசைப் போட்டேன். முடிஞ்சுட்டா நீங்க வரமாட்டீங்களேன்னு...”

அவள் விருட்டென்று எழுந்தாள். “எங்கம்மா இதைக் கேட்காம ஒருநாள் கூடுதலா ஏங்கியிருக்காங்க! பிடிச்சிருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

“பிடிச்சிருக்கு.” தலை குனிந்திருந்தது. “மன்னிச்சிடுங்க.”

அவள் குடையை எடுத்துக்கொண்டாள்.

“கிளம்புங்க. முதல்ல எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு, நீங்களே இதைப் போட்டுக் காட்டணும். அப்புறம்...”

“அப்புறம்?”

“இப்பச் சொன்னதை அவங்க எதிர்ல இன்னொரு தடவை சொல்லுங்க.” கோபம் தணியாத முகத்தோடுதான் கதவைத் திறந்து பிடித்தாள். “எனக்கும்தான்னு சொல்றதுக்கு... எனக்குத் துணை வேணும்.”