டில்டாவின் கொழுத்த புழுக்கள்

டில்டாவுக்குப் பதினோரு வயது. அவள் செய்துவந்த தொழில் புழு விற்பது.

சிரிக்க வேண்டாம். மினசோட்டாவில் ஏரிக்கரைச் சாலையில் குடியிருப்பவர்களுக்குப் புழு சிரிக்கிற விஷயமே இல்லை. புழு இல்லாமல் தூண்டில் போடுகிறவர், மீனுக்கு வெறும் கம்பியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கடை என்று பார்த்தால், வீட்டுக்கு முன்னால் சாலையோரமாக ஒரு பழைய ஐஸ் பெட்டி. அதற்குள் மூடி போட்ட தயிர் டப்பாக்கள். பக்கத்தில் ஒரு காப்பி டின். வண்டியை நிறுத்துகிறவர்கள் டின்னில் காசைப் போட்டுவிட்டு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போவார்கள். காவலுக்கு யாரும் கிடையாது. அந்தச் சாலையில் முட்டை, தக்காளி, விறகு எல்லாமே அப்படித்தான் விற்றன.

பெட்டிக்கு மேலே பச்சைப் பெயின்டில் ஒரு பலகை: ‘டில்டாவின் கொழுத்த புழுக்கள். டப்பா நிறைய!’

பள்ளிப் பேருந்தை ஓட்டுகிற டோரீன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவார். “உங்கப்பாகிட்ட சொல்லு, புழு வாங்கினா டில்டாகிட்டதான் வாங்கணும்னு.” டில்டா அப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காதை மட்டும் உள்ளே வைத்துக்கொள்வாள்.

இப்படி ஜாம் ஜாம் என்று போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மறுநாள் மீன்பிடிப் பருவம் தொடங்குகிறது. அந்த ஊரில் அது திருவிழா. ஆனால் அந்த வாரம் முழுவதும் ஒரு சொட்டு மழை இல்லை. குளிரில் புழுவெல்லாம் மண்ணுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. டில்டா தோட்டத்தில் ஈரச் சாக்கு விரித்துப் பார்த்தாள். தங்கை மாரிட்டும் மண்ணைக் கிளறினாள்.

“இது குச்சி. இதுவும் குச்சி. அக்கா, புழு! இல்ல, குச்சிதான்.”

டப்பாக்கள் நிறைய இருந்தன. புழுக்கள் பாதிக்குக்கூடக் காணாது. ‘இன்றைக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது’ என்று பலகையில் எழுதியிருக்கலாம். டில்டா எழுதவில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் மண்ணை நிரப்பி, மேலாக மட்டும் நாலைந்து புழுக்களைப் பரப்பினாள்.

“அக்கா, அடியில புழுவே இல்லையே?” என்றாள் மாரிட்.

“மேல இருக்குல்ல?”

“அடியில?”

“அடியில இருந்தவங்கதான் மேல வந்துட்டாங்க. நீ போய்ப் படு.”

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பெட்டி காலி. சாயங்காலம் டோரீனின் வண்டி வந்து நின்றது. டில்டா மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

“புழு... எப்படி இருந்துச்சு மிஸ் டோரீன்?”

டோரீன் சற்று யோசித்தார். “கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு.”

அந்த ஊரில் அதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. கேக் கருகிப்போனால் ‘வித்தியாசமா இருக்கு’ என்பார்கள். கூரை பறந்துபோனாலும் அதேதான்.

“தப்பு என் மேலதான் கண்ணு,” என்றார் டோரீன் அவசரமாக. “நான் மூடியச் சரியா மூடலபோல. பாதிப் புழு ஓடிப்போயிடுச்சு. எங்கண்ணன் பையன் கிப், சிட்டிலேருந்து முதல் தடவையா மீன் பிடிக்க வந்திருக்கான். நாலு தடவ போட்டோம், புழு தீந்துபோச்சு. அப்புறம் படகுலயே உக்காந்து சாண்ட்விச் சாப்ட்டோம். நாளைக்கு ஊருக்குப் போயிடுவான். ஒரு டப்பா இருக்குமா?”

மறுபடியும் என்னிடமே வாங்க வந்திருக்கிறாரே! டில்டாவின் காது இரண்டும் கொதித்தன. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

“தீந்துபோச்சு,” என்றுதான் வந்தது.

“பரவால்ல கண்ணு. அடுத்த தடவ நல்லா அழுத்தி மூடறேன், சாரி,” என்று அவளிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார் டோரீன். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார், “ஏரியில எல்லாருக்கும் மூடி தொறந்துக்கிச்சாம். அந்தத் தயிர் கம்பெனிக்காரனுக்கு ஒரு மூடி செய்யத் தெரியல.”

மாரிட் வாயைத் திறந்தாள். “ஆ! ஏன் உதைக்கிற?”

“உதைக்கல. கால நீட்டினேன்.”

டில்டா உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

இரவு நல்ல மழை பெய்தது. ஞாயிறு காலையில் புல்வெளியெங்கும் புழுக்கள், அள்ள அள்ளக் குறையவில்லை. டில்டா டப்பாக்களை அடிவரை நிரப்பினாள். அப்படியே பெட்டியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் சந்தேகமே வராது. பழிதான் மூடி மேல் போய்விட்டதே!

அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. டப்பாக்களைக் கைவண்டியில் அடுக்கி, படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே பலர் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டில்டா தரையைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னாள்.

“நேத்து மூடி மேல தப்பில்ல. நாந்தான் அடியில மண்ணப் போட்டு, மேல மட்டும் புழு வெச்சேன். மன்னிச்சிடுங்க. நேத்து வாங்கினவங்க இத சும்மா எடுத்துக்கோங்க.”

எல்லோரும் அவரவர் பூட்சைப் பார்த்தார்கள்.

“மண்ணு நல்ல மண்ணும்மா,” என்றார் ஒருவர் கடைசியாக.

“ஆமா, நல்ல கறுப்பு மண்ணு. என் வீட்டுக்காரி தக்காளிக்குப் போட்டுட்டா,” என்றார் இன்னொருவர்.

டப்பாவை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவைதான் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே டில்டா ஒவ்வொருவரிடமும் போய், “நான் மண்ணு வெச்சேன், இத எடுத்துக்கோங்க” என்று மும்மூன்று தடவை சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல முகம் பீட்ரூட்டாகிக்கொண்டே போனது.

கடைசியாக டோரீன் நின்றிருந்தார். பக்கத்தில் கிப்.

“மிஸ் டோரீன், இது உங்களுக்கு.”

“அய்யய்யோ, எதுக்கும்மா, வேணாம்...”

ஆனால் கிப்புக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாது. முதல் தடவையிலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

“அப்ப நேத்து எங்கள ஏமாத்தினியா?” என்று கேட்டான்.

“டேய்!” என்றார் டோரீன். துறையில் இருந்த அத்தனை பேரும் சட்டென்று படகுக் கயிற்றைச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

இரண்டு நாளாக அந்த வார்த்தையை யாருமே சொல்லவில்லை. டில்டாகூட மனசுக்குள் வேறு வேறு வார்த்தைகளைத்தான் போட்டுப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “ஏமாத்தினேன்.”

முகம் இன்னும் எரிந்தது. ஆனால் மூச்சு நன்றாக வந்தது.

கிப் டப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தான். “இன்னிக்கு அடியிலயும் இருக்கா?”

“கிளறிப் பாரு.”

அவன் மூடியைத் திறந்து, டப்பாவை டில்டாவிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, அடிவரை கையை விட்டான். கொழுத்த புழு ஒன்று அவன் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு வந்தது.

“யப்பா! அத்தை, இது குட்டிப் பாம்பா?”

“புழுதான்டா,” என்றார் டோரீன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட டில்டாவின் டப்பாவைத் திறந்து பார்த்து வாங்கியவரில்லை அவர். இப்போது தயங்கித் தயங்கி, தானும் மெல்லக் குனிந்தார்.

அவருக்கு அடிவரை தெரியட்டும் என்று டில்டா டப்பாவை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.