வெள்ளை முன்னங்கால்

லக்ஸர் ரயில் நிலையத்தில் பத்ரி இறங்கியபோது காலை ஏழு மணி. கையில் ஒரு துணிப்பெட்டியும், பிள்ளைகளுக்கென்று வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் லாரிகளும் இருந்தன. அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்தில் ஐந்து வருடம் மூட்டை தூக்கியது போதும் என்று கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டான். படகில் நைலைக் கடந்து மேற்குக் கரையில் கால் வைத்ததும் கரும்புத் தோட்டத்தின் ஈர வாடை வந்தது. அதற்குப் பின்னால், மலையிலிருந்து, சூடேறிய கல்லின் வாடை.

வீட்டில் நஜாத் அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. ரெண்டும் தூங்குதுங்க."

பாயில் தாஹாவும் யாசீனும் ஒரே அச்சில் வார்த்ததுபோலக் கிடந்தார்கள். நாலரை வயது. அப்பனை அவர்கள் பார்த்ததே இரண்டு முறைதான்.

"முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் நஜாத். "தாஹாவோட பூனை சாம்பல் நிறம். வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை. யாசீனோடது முழுக் கருப்பு. இதுங்க தூங்கறப்போ அதுங்க போகும், வரும். அடிக்காதீங்க, துரத்தாதீங்க."

இரட்டைப் பிள்ளைகள் தூங்கும்போது அவர்கள் உயிர் பூனையாகி ஊர் சுற்றும் என்பது அந்தக் கரையில் எல்லோரும் அறிந்தது. பிறந்த அன்றே ஒட்டகப் பால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டால் உயிர் வீட்டிலேயே தங்கும். இவர்கள் பிறந்த வாரத்தில் ஒட்டகக்காரன் ஊரில் இல்லை.

"அலெக்ஸாண்ட்ரியாவுல இதைச் சொன்னா, மீன்காரன்கூட சிரிப்பான்" என்றான் பத்ரி.

"அவன் சிரிக்கட்டும். புள்ளைங்க அவனோடது இல்லையே."

சனிக்கிழமை அவன் கல்லறைக் காவலாளாகச் சேர்ந்தான். மலைச்சரிவில் இருந்த ஒற்றை அறைக் கல்லறை அது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய யாரோ ஒரு தானியக் கணக்கருடையது. காலை எட்டு மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூட வேண்டும். யாராவது பார்க்க வந்தால் வாசலில் நின்று ஒரு கண்ணாடித் துண்டால் வெயிலை உள்ளே திருப்பிவிடுவான். சுவரில் கணக்கரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருப்பார்கள். மனைவியின் நாற்காலிக்கு அடியில், மஞ்சளில் பழுப்புக் கோடு போட்ட பூனை ஒன்று மீனைக் கவ்வியபடி குந்தியிருக்கும்.

மேலதிகாரி முனீர் கிழக்குக் கரைக்காரர். வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். முதல் நாளே வேலை முறையை வரிசையாகச் சொன்னார்.

"கண்ணாடியை ஓரமா வை. குப்பையை எடு. அப்புறம் வாசல்ல நின்னு கையை மூணு தடவை தட்டி, 'புள்ளைங்களா, வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லு. நூறு எண்ணு. அப்புறம்தான் பூட்டு."

"எந்தப் புள்ளைங்க, உஸ்தாத்?"

"இந்த ஊர்ல பொறந்தவன் கேக்கற கேள்வியாடா இது?"

பூட்டியபின் முனீர் தாழ்ப்பாளில் கம்பி கோத்து ஈய முத்திரை அழுத்துவார். சாவி பத்ரியிடம், முத்திரை முனீரிடம். முத்திரையை உடைத்தவனுக்கு வேலை போகும். திருட்டு வழக்கும் வரும்.

நான்கு நாள் பத்ரி ஒழுங்காகக் கை தட்டினான். ஐந்தாம் நாள் முனீருக்கு அக்கா மகள் கல்யாணம். பன்னிரண்டரைப் படகைப் பிடிக்க வேண்டுமென்று பறந்தார். ஐந்தாறு வெளியூர்க்காரர்கள் வேறு கீழே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் வெற்று அறையைப் பார்த்துக் கை தட்ட பத்ரிக்குக் கூச்சமாக இருந்தது.

"ஆச்சா?" என்றார் முனீர்.

"ஆச்சு, உஸ்தாத்."

இரும்புக் கதவு மூடியது. முத்திரை விழுந்தது.

ஒன்றரை மணிக்கு வீட்டை நெருங்கும்போதே நஜாத்தின் குரல் கேட்டது. தாஹாவை மடியில் போட்டுக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருக்க மாட்டேங்கறாங்க! தண்ணி தெளிச்சுட்டேன், வெங்காயத்தை நசுக்கி மூக்குல வெச்சுட்டேன்..."

பத்ரி பிள்ளையின் காலைத் தொட்டான். வெளியே கல் வெடிக்கும் வெயில். பிள்ளையின் பாதம் கிணற்றுக்கல் போலக் குளிர்ந்திருந்தது.

மூச்சு இருந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவே நெடுநேரம் இருந்தது.

பாயின் மறுகோடியில் யாசீன் விழித்து உட்கார்ந்திருந்தான்.

"அவன் வரமாட்டான் பாபா. நீங்க பூட்டிட்டீங்க."

நஜாத் நிமிர்ந்து பார்த்தாள்.

"கை தட்டினீங்களா?"

பத்ரி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

மலைச்சரிவில் ஒரு ஆள் இல்லை. கழுதைகள்கூட நிழலுக்குப் போயிருந்தன. இரும்புக் கதவில் அவன் காதை வைத்தான்.

கறக்... கறக்...

கீழே, முழங்கால் உயரத்தில், உள்ளிருந்து.

முத்திரையைப் பார்த்தான். வேலை, வழக்கு, எல்லாம் ஒரு நொடி வந்து போயின. கல்லை எடுத்து ஈயத்தை அடித்து நொறுக்கினான். கம்பி அறுந்தது. சாவி திரும்பியது.

கதவு ஒரு சாண் திறந்ததுமே ஏதோ ஒன்று அவன் கணுக்காலை உரசிக்கொண்டு பாய்ந்தது. வெயிலில் கண் கூசியது. நிமிர்ந்த வால் ஒன்று சரிவில் இறங்கி, ஊர்ப் பக்கம் மறைந்ததை மட்டும் கண்டான்.

உரசிய இடம் சில்லென்று இருந்தது. சுண்ணாம்புச் சுவரில் உராய்ந்ததுபோல வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது.

அவன் வீடு சேரும்போது தாஹா உட்கார்ந்திருந்தான். நஜாத் அழுதுகொண்டே சிரித்தாள்.

"கண்ணைத் திறந்ததும் தட்டைக் காட்டறான். பாருங்களேன், மீன் தின்னுறான்! தொண்டையில முள்ளு குத்தின நாள்லேருந்து மீன் வாடை வந்தாலே ஓடறவன்!"

பிள்ளை தலையைத் தூக்கவில்லை. பொரித்த ஜிலேபி மீனை இரண்டு கையாலும் பிடித்து, முள்ளோடு தின்றுகொண்டிருந்தான். முள் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பத்ரி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாசீன் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான். அண்ணன் பக்கமே போகவில்லை. காதோடு காதாகக் கேட்டான்.

"பாபா, எந்தப் பூனையை விட்டீங்க?"

"உன் அண்ணனோடதைத்தான்டா."

"கால் வெள்ளையா இருந்துச்சா?"

பத்ரி கண்ணை மூடி அந்த வாலை நினைத்துப் பார்த்தான்.

மஞ்சள். பழுப்புக் கோடு.

அவன் மறுபடி மலையேறியபோது மணி நாலு. கதவு விட்டது விட்டபடி திறந்திருந்தது. உள்ளே சத்தமில்லை. மூன்று முறை கை தட்டினான். 'புள்ளைங்களா, வீட்டுக்குப் போங்க' என்றான்.  நூறு எண்ணினான். எதுவும் வரவில்லை.

கண்ணாடித் துண்டை எடுத்து, சாயும் வெயிலை உள்ளே திருப்பினான். வெளிச்சம் தரையில் ஊர்ந்தது. சுவரில் ஏறியது. கணக்கரின் பாதம். மனைவியின் பாதம். நாற்காலியின் கால்.

மீன் கிடந்தது. கவ்வ வாயில்லாமல் தனியாக.

அதற்குப் பக்கத்தில் ஒரு பூனை. சாம்பல் நிறம். வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை.

அந்தச் சுவரில் ஆள், பறவை, மாடு எல்லாம் பக்கவாட்டு முகம்தான். இது மட்டும் நேராகத் திரும்பி, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் முனீர் உடைந்த முத்திரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவர் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறிக்கையில் 'ஈரத்தால் வண்ண மாற்றம்' என்று எழுதினார். முத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இனிமே சாவியும் முத்திரையும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார், அவன் முகத்தைப் பாராமல்.

அன்றுமுதல் பத்ரி அந்தக் கதவைப் பூட்டவில்லை. தாழ்ப்பாளில் கம்பியை வெறுமனே சுற்றிவிட்டு, கதவை ஒரு சாண் திறந்தே வைத்துவிட்டு வருவான். தினமும் நண்பகலில் கை தட்டுவான், நூறு எண்ணுவான். பிறகு சுவரருகே போய் விரலால் அளப்பான். முதல் நாள் நாற்காலிக் காலுக்குப் பின்னால் மடங்கியிருந்த அந்த வெள்ளைப் பாதம், பதினோராம் நாள் நாற்காலிக் காலைத் தாண்டி நான்கு விரற்கடை வாசல் பக்கம் வந்திருந்தது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நஜாத்திடம்கூட.

அன்று வீடு திரும்பி வாசலில் உட்கார்ந்தான். விழித்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத தாஹா எழுந்து வந்தான். அப்பனின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக முகர்ந்தான். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு, குளிர்ந்த வாயைக் காதருகே கொண்டுவந்தான்.

"பாபா, கதவை இன்னிக்கும் பூட்டலையா?"