முகத்துவாரத்துப் பை

சுல்தான் பீவி தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்ததும் ஆய்வுக்கூடம் முழுவதும் கடல் வாடை பரவியது. உள்ளே ஈர மணலோடு மட்டிச் சிப்பிகள் கிடந்தன.

"காத்தால எடுத்ததும்மா. இதுலதான் விஷம் கீதுன்னு உங்க ரிப்போர்ட்டு சொல்லுது. மாமல்லபுரத்துல ஒரு ஓட்டல்காரனும் வாங்க மாட்றான். முகத்துவாரத்துல யாரும் எறங்கக் கூடாதுன்னு கலெக்டர் ஆபீசுல போர்டு வெக்கப் போறாங்களாம். மட்டி பொறுக்குற பொம்பளைங்க எல்லாம் இன்னா பண்றது?"

ஷஃபானா தலையைக் குனிந்துகொண்டாள். 2003ஆம் ஆண்டுக் கோடையில்தான் அவள் செங்கல்பட்டில் இருந்த அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த அறிக்கைக்கு அளந்தவள் அவள்தான். சுல்தான் பீவியோ அவள் பிறந்த புதுப்பட்டினத்தில் அடுத்த தெருக்காரர்.

வசுமதி மட்டியை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கூடத்தின் தலைமை வேதியியலாளர் அவள். எதற்கும் குரல் உயர்த்தாதவள். "இதை இங்கேயே விட்டுட்டுப் போங்கம்மா. சோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

விவகாரம் இதுதான். ஆற்றின் மேற்புறம் ஒரு முலாம் பூசும் ஆலை இருந்தது. அதன் கழிவு ஓடை ஒரு கிராமத்தை ஒட்டி ஓடி ஆற்றில் விழுந்தது. அதிகாரிகள் பாட்டிலில் பிடித்த தண்ணீர் எப்போதும் சுத்தமாகவே இருந்தது. அவர்கள் வரும் நாளில் ஆலை எதையும் திறந்துவிடாது. அதனால் வசுமதி பச்சை ஆளி என்ற சிப்பிகளை நைலான் வலைப்பைகளில் போட்டு ஆற்றில் தொங்கவிட்டாள். ஆளி ஓயாமல் தண்ணீரை இழுத்து வடிகட்டும். தண்ணீர் போய்விடும், அதிலிருந்த உலோகம் ஆளியின் சதையில் தங்கிவிடும். ஓடை வாயில் தொங்கியது ஒன்றாம் பை, நடுவில் இரண்டாம் பை, கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மூன்றாம் பை. கோடை முடிவில் பார்த்தால் ஒன்றாம் பை சுத்தம். மூன்றாம் பையில் நிக்கலும் ஈயமும் அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தன.

சுல்தான் பீவியின் மட்டிகளைக் கரைத்து அளந்தபோது முடிவு நேர் எதிராக வந்தது.

"மேடம், மட்டியில ஒண்ணுமே இல்ல!" என்று ஷஃபானா ஓடிவந்தாள். "அதே இடத்துல தொங்கின ஆளியில அவ்வளவு இருந்துச்சே. என் அளவுதான் தப்பா?"

"ரெண்டையும் நீதான் அளந்த, ஒரே கருவியில. அளவுல தப்பில்ல. ஆளிப்பை வலையையும் ஓடுகளையும் எங்க வெச்சிருக்க?"

பின்புறத்தில் சாக்குகளில் கிடந்தன. ஒன்றாம் எண் வலையை வசுமதி வெளிச்சத்தில் விரித்தாள். வலையின் வாயைக் கட்டிய கம்பியிலேயே எண் தகடு தொங்கியது. கம்பியைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் கொத்தாக ஒட்டியிருந்தன.

"இது என்ன மேடம்? சாக்கைப் பிரிச்சப்பவே பார்த்தேன். ஏதோ அழுக்குன்னு நினைச்சேன்."

"கொட்டலசு. படகு அடியில ஒட்டுமே, அதுதான். இந்த ஜாதி கடல் உப்பு இருக்கிற இடத்துலதான் வளரும். ஓடை வாயில உப்பு கம்மி, அங்க வளராது." மூன்றாம் எண் வலையையும் விரித்தாள். அது வழவழப்பாக இருந்தது. மடிப்புகளில் கருப்புக் களிமண் அப்பியிருந்தது. முகத்துவாரத்திலோ வெறும் மணல்தான்.

ஷஃபானா இரண்டு வலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "தகட்டை மாத்திட்டாங்க! ஆலை ஆபீசர் ஜானகிராமன்தான் மேடம், வேற யாரு?"

"பைகளை எடுத்துட்டு வந்த அன்னிக்கு ஜீப்புல மூணு பேர் இருந்தாங்க," என்றாள் வசுமதி. "மூணு பேரையும் வரச் சொல்லு."

மறுநாள் மூவரும் வந்தார்கள். கள உதவியாளன் ரோஹித், பைகளைக் கயிற்றோடு இழுத்து அப்படியே சாக்கில் போட்டுக் கட்டியதாகவும், வழியில் புதுப்பட்டினத்தில் நாஸ்தாவுக்கு நிறுத்தியதாகவும் சொன்னான். ஆலை சார்பில் கூட வந்த ஜானகிராமன் அந்த நேரத்தில் தொலைபேசிக் கடைக்குப் போயிருந்தார். ஊராட்சித் தலைவர் திருவேங்கடம் சாட்சியாக வந்தவர். ஓடையை ஒட்டிய கிராமம் அவருடையது.

"நான் முன் சீட்டுல தூங்கிகினு இருந்தேன்மா. பைய கண்ணால கூட பாக்கல," என்றார் அவர்.

வசுமதி தலையசைத்தாள். "ஷஃபானா, அந்த முகத்துவாரத்துப் பையை எடு."

ஷஃபானா சாக்கினுள் கையை விட்டாள்.

"பாத்தும்மா!" என்று திருவேங்கடம் பதறினார். "கம்பி கட்டுன எடத்துல புடிக்காத. கொட்டலசு கையக் கிழிச்சிடும்."

ஷஃபானா வெளியே இழுத்த வலை வழவழப்பாக இருந்தது. கம்பியைச் சுற்றிக் கருப்புக் களிமண் மட்டுமே. தகட்டில் மூன்று என்று இருந்தது.

"அறிக்கைப்படி இதுதான் முகத்துவாரத்துப் பை," என்றாள் வசுமதி. "இதுல கொட்டலசே இல்ல."

"கடல் பக்கம்னா கொட்டலசு இருக்கும்னு ஆத்தோரத்துல யாருக்குத்தான் தெரியாது?"

"தெரியும். ஆனா கம்பி கட்டின இடத்துலதான் இருக்குன்னு எப்படித் தெரியும்? தகடு கட்டினப்ப எல்லாம் புது வலை. எடுக்கும்போது ரோஹித் கயிறைப் பிடிச்சுத்தான் இழுத்தான். இங்க ஷஃபானா அடிப்பக்கத்தை வெட்டித்தான் ஆளியை எடுத்தா. அந்தக் கம்பியை அவிழ்த்தவர் ஒருத்தருக்குத்தான் அது தெரியும்."

திருவேங்கடத்தின் வலது கட்டைவிரலில் காய்ந்த கீறல்கள் வரிசையாக இருப்பதை ஷஃபானா அப்போதுதான் கண்டாள். அவள் கை கிழிபடக் கூடாது என்று அவர் பதறியதுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. குற்றவாளியைப் பிடித்த பூரிப்பு வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை.

ஜானகிராமன் அவசரமாக எழுந்தார். "எங்க கம்பெனி இப்படிச் செய்யச் சொல்லவே இல்லீங்க."

"நீ குந்துய்யா," என்றார் திருவேங்கடம். பிறகு வசுமதியிடம் திரும்பினார். "யாரும் சொல்லலம்மா. எங்க ஊரு பசங்க எல்லாம் அந்த ஆலைலதான் வேல செய்றானுங்க. ஒன்னாம் பையில ஏதாவது இருந்தா ஆலைய மூடுவாங்கன்னு பேசிக்கினாங்க. தண்ணிய எத்தினி வாட்டி புட்ச்சிகினு போனாங்க, ஒன்னும் இல்லன்னுதான சொன்னாங்க? கடலுக்குப் போற தண்ணிதானே, யாருக்கு இன்னா ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன்."

"முகத்துவாரத்துல மட்டி பொறுக்குற பொம்பளைங்க பொழப்பு போச்சே," என்றாள் வசுமதி.

அவர் கீறல் விழுந்த கட்டைவிரலைத் தடவிக்கொண்டார்.

"இன்னொண்ணும் கேளுங்க," என்றாள் வசுமதி, அதே குரலில். "மூணாம் எண் போட்ட அந்த ஆளி உங்க ஓடை வாயில தொங்கினது. அந்த நிக்கலும் ஈயமும் உங்க ஊர் ஓரமா ஓடுற தண்ணியில இருக்கு. நீங்க தகட்டை மட்டும்தான் மாத்தினீங்க."

திருவேங்கடத்தின் முகம் மெல்ல மாறியது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பேச வந்தபோது குரல் அடங்கியிருந்தது.

"ஊர் கெணறு ஓடைக்கரைலதாம்மா கீது. அந்தத் தண்ணியதான் எல்லாரும் குடிக்கிறாங்க. எம் பொண்ணு முழுவாம கீறா."

வசுமதி உடனே எழுந்தாள். திருத்திய அறிக்கையை அன்றே கலெக்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்படி ரோஹித்திடம் சொன்னாள். சுல்தான் பீவிக்குத் தகவல் சொல்ல ஷஃபானா போனை எடுத்தாள். மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன.

பிறகு சுத்தமான பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். வழி காட்ட முன் சீட்டில் திருவேங்கடம் உட்கார்ந்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பார்களா என்று ஒருமுறை கேட்டார். பார்ப்பார்கள் என்றாள் வசுமதி.

ஊர் எல்லையில் வண்டி திரும்பியதும் கையை நீட்டிக் கிணற்றைக் காட்டினார். அங்கே பெண்கள் நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் அவர் குதித்து இறங்கி, "எறைக்காதீங்க! எறைக்காதீங்கடி!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.