கடைசித் தளத்துக்கும் கீழே

மோதலை அணைத்து வைத்தது கேப்டன்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

கேப்டன் என்றால் விமானி இல்லை, லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளில் ஒரே ஒரு முறை விமானம் ஏறியவர், அதுவும் நடு இருக்கையில். ஆனால் வீட்டு முன்னறையில் மூன்று திரைகளும் ஒரு ஸ்டியரிங்கும் குமிழ்கள் பதித்த கறுப்புப் பெட்டியுமாக, ஞாயிறு தோறும் கணினி ஆகாயத்தில் பறப்பதால், கூட வேலை செய்பவர்கள் அப்படிக் கூப்பிடப் போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று மத்தியானம் மூன்று முறை இறங்கப் பார்த்தார். மூன்று முறையும் தரையில் மோதித் திரை கறுத்தது. பக்கத்தில் இருந்த மகள், "அப்பா, உள்ள இருந்த எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, சளி மூக்கோடு தூங்கப் போய்விட்டாள். மானம் போயிற்று. அமைப்புகளுக்குள் நுழைந்து, 'மோதல்' என்ற கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டார். இனி விமானம் தரையைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

வேலையிடத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அவரே சட்டையைப் பிடித்திருப்பார். எந்த லிஃப்டிலும் கடைசித் தளத்துக்குக் கீழே பெட்டி போகாமல் தடுக்க ஒரு சுவிட்ச் உண்டு. இருபத்திரண்டு வருடத்தில் அதன்மேல் அவர் கைவைத்ததில்லை. பொம்மை விமானத்துக்கு என்ன வந்தது என்று நினைத்தார்.

ஆட்டோபைலட்டில் எட்டாயிரம் அடி என்று உயரத்தைக் கொடுத்துவிட்டு, டீ போடப் போனார்.

திரும்பி வந்தபோது உயரம் மைனஸ் இருபது காட்டியது. திரைகளில் ஆகாயமும் ஓடுபாதையும் இல்லை, அடர்ந்த பழுப்பு மட்டும். கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. விமானத்தை மண்ணுக்குள் ஓட்டிய முதல் ஆள் என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டு ஒரு வாய் டீ குடித்தார்.

அப்போதுதான் மின்விசிறி நின்றது. மேசைக்கடியில் இருந்த யூபிஎஸ் பீப் என்றது. திரைகள் அதன் புண்ணியத்தில் எரிந்தன. வெயில் திரையில் விழக்கூடாது என்று ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார். அதன் ஓரத்தில் சற்று முன்வரை பளீரென்று நின்ற மஞ்சள் கோடு மங்கி, அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு வந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போனது. மணி மூன்று நாற்பது. தெருவில் பிள்ளைகள் பந்து அடிக்கும் சத்தம் கேட்டது. அது கூரைக்கு மேலிருந்து கேட்டது. இது தனி வீடு, மாடி கிடையாது.

பந்து இன்னும் இரண்டு முறை குதித்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"என்னங்க, கரண்ட் போயிடுச்சு," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "காது வேற அடைக்குது."

"பாப்பா சளி உனக்கும் தொத்தியிருக்கும்."

"உங்களுக்கு அடைக்கலையா?"

அவருக்கும் அடைத்திருந்தது. மேசைமேல் மூடி திருகி வைத்திருந்த காலித் தண்ணீர் பாட்டில் தானாக டொக் என்று ஒரு பக்கம் உள்வாங்கியது. கூடவே ஒரு வாசனை. ஈரமும் பழைய கிரீஸும் வருடக்கணக்கில் வெளிச்சம் படாத சிமென்ட்டும் கலந்த அந்த வாசனை அவருக்கு அத்துப்படி. லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது முகத்தில் அடிப்பது அதுதான். அதை வீட்டு முன்னறையில் முகர்வது இதுதான் முதல் தடவை.

மைனஸ் முந்நூற்றறுபது.

மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இந்தக் கருவிகளை மாட்டிக் கொடுத்தது மனைவியின் தம்பிதான். நாலு மணிக்குப் புது ஒயர் ஒன்றோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

"மாப்ள, இது இறங்கிட்டே இருக்கு."

"வண்டி ஓட்டிட்டு இருக்கேன் மாமா. உயரம் எவ்ளோ வெச்சீங்க?"

"எட்டாயிரம்."

"ஏறுற வேகம் பிளஸ்ஸா, மைனஸா?"

கேப்டன் குமிழைப் பார்த்தார்.

"மாமா?"

"மைனஸ் இருநூறு."

"சுத்தம். மேல போகச் சொல்லிட்டு இறங்குற வேகத்தக் குடுத்தா, அது எட்டாயிரத்த எந்த ஜென்மத்துல பாக்கும்? ஆயுசுக்கும் இறங்கிட்டே இருக்கும். இதுல நீங்க லிஃப்ட் மெக்கானிக் வேற."

"சிரிக்காத மாப்ள."

அவர் குரலில் என்ன இருந்ததோ, மச்சான் சிரிப்பை நிறுத்தினான்.

கேப்டன் எழுந்து திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினார். கணினியின் நீல வெளிச்சம் கம்பிகளைத் தாண்டி விழுந்தது. இரண்டடி தூரத்தில் மண்சுவர். அது மேலே போய்க்கொண்டிருந்தது. அறுந்த வேர்கள் போயின, ஒரு கல் போனது, உடைந்த குழாயின் வாய் ஒன்று சொட்டிக்கொண்டே போனது. அவசரமே இல்லை. நொடிக்கு ஒரு மீட்டர். கம்பிக்கதவு வைத்த பழைய லிஃப்டில் நின்று இதே வேகத்தில் சுவர் நகர்வதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். நிமிடத்துக்கு இருநூறு அடி.

திரைச்சீலையை மூடினார்.

"மாப்ள, இத நிறுத்தணும். எப்படி?"

"ஆட்டோபைலட்ட ஆஃப் பண்ணுங்க."

அழுத்தினார். விமானத்தின் மூக்கு கவிழ்ந்தது. டீ, கோப்பையின் விளிம்புக்கு மேலே எழும்பி அப்படியே நின்றது. செருப்புக்குள் பாதம் லேசானது. சமையலறையில் பாத்திரங்கள் எதுவும் விழாமல் ஒன்றோடொன்று உரசின. மறுபடி அழுத்தினார். டீ தொப்பென்று மேசையில் கொட்டியது.

மைனஸ் ஆயிரத்து எழுநூறு.

"ஆஃப் பண்ண முடியாது," என்றார் மெல்ல. "அது ஒண்ணுதான் புடிச்சிட்டிருக்கு."

"என்ன மாமா சொல்றீங்க? சரி, பதறாதீங்க. குமிழ மேல் பக்கம் திருப்புங்க. பொறுமையா."

திருப்பினார். மைனஸ் நூறு. பூஜ்யம். பிளஸ் நூறு. பிளஸ் இருநூறு. முழங்கால் கனத்தது. மைனஸ் இரண்டாயிரத்து முந்நூறில் எண் நின்று, யோசித்து, திரும்பியது. இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. எண்பது. எழுபது.

ஏறுகிறது. கேப்டனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் இருபத்திரண்டு வருட வேலை உள்ளே இருந்து சுரண்டியது. லிஃப்ட் மேலே கிளம்பும்போதும் முழங்கால் கனக்கும். இறங்கும் லிஃப்ட் வேகம் குறையும்போதும் கனக்கும். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. கதவுக்கு மேல் எரியும் எண்ணையும் நம்பக்கூடாது, அது ஒயர் சொல்வதைத்தான் காட்டும். சுவரைப் பார்க்க வேண்டும்.

அதற்குள் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதபடி வந்தாள். பின்னாலேயே மனைவி, சுவரைப் பிடித்துப் பிடித்து. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் எதிரில் திரைச்சீலையை விலக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எச்சில முழுங்கு கண்ணு. முழுங்குனா சரியாயிடும்."

"வலிக்குதுப்பா."

"மேல போயிட்டா வலிக்காது. போயிட்டுதான் இருக்கோம்."

யூபிஎஸ் இப்போது விடாமல் கத்தியது. பக்கத்துத் திரைகள் இரண்டையும் அணைத்தார். எண்கள் இருந்த நடுத் திரை மட்டும். மைனஸ் இரண்டாயிரம்.

போனில் கார்க் கதவு திறந்து மூடும் சத்தம். காலடிகள். அப்புறம் காலடிகள் நின்றன.

"மாப்ள, வந்துட்டியா?"

போனில் மூச்சு மட்டும்.

"என்ன தெரியுது அங்க?"

"மாமா... நீங்க எல்லாரும் வீட்லதான இருக்கீங்க?"

"வீட்லதான்டா. என்ன தெரியுதுன்னு கேட்டேன்."

"கேட் மட்டும் இருக்கு. அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா. நீ சொல்லு."

"சொல்றேன் மாமா. இருங்க. சொல்றேன்."

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கேப்டன் மேசை இழுப்பறையைத் திறந்து பெரிய ஸ்பானரை எடுத்தார். குழிக்குள் இருக்கும் ஆள் எவ்வளவு ஆழத்தில் என்று மேலே இருப்பவனுக்குத் தெரிய, இரும்பில் ஒரு தட்டுத் தட்டுவது அவர்கள் வழக்கம்.

"மாப்ள, நல்லா கேளு. நான் ஜன்னல் கம்பில தட்டுறேன். போன்ல ஒரு தடவ கேக்கும். அப்புறம் உனக்கு நேர்ல ஒரு தடவ கேக்கும். நடுவுல எத்தன எண்ண முடியுதுன்னு சொல்லு. எண்ணிக்கை கூடுனா ஆழமும் கூடுதுன்னு அர்த்தம்."

"நான் தட்டுறேன்ப்பா," என்றாள் மகள், அழுகைக்கு நடுவில்.

ஸ்பானரை அவள் கையில் கொடுத்து, தன் கையை மேலே வைத்து, திரைச்சீலைக்கு அடியில் விட்டு ஓங்கி அடித்தார். டங்.

"ரெண்டு," என்றான் மச்சான்.

திரையில் மைனஸ் ஆயிரத்து எண்ணூறு. ஏறிக்கொண்டிருந்தது. மகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது போல. அழுகையை நிறுத்திவிட்டு ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டங்.

மச்சான் எண்ணும் உதட்டுச் சத்தம் போனில் கேட்டது. மகள் அடுத்த அடிக்கு ஸ்பானரை ஓங்கினாள்.

மைனஸ் ஆயிரத்து ஐந்நூறு.

டங்.

"மாமாவுக்குக் கேட்டுச்சா?" என்றாள் மகள்.

"மாப்ள," என்றார் கேப்டன். "இங்க நம்பர் மேல போகுது. ஏறுறோமா இல்லையா? பூசி மெழுகாம ஒரே வார்த்தைல சொல்லிடு."

யூபிஎஸ் நின்றது. திரை அணைந்தது. இருட்டில் மகளின் மூக்குறிஞ்சலும், ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஈரமாக உரசிக்கொண்டு போகும் சத்தமும் மட்டும் இருந்தன. போன் வெளிச்சத்தில் மூவரின் விரல்களும் அந்த ஸ்பானரைப் பிடித்திருந்தன.

"மொதல் தடவ ரெண்டு எண்ணுனேன் மாமா," என்றான் மச்சான். "அடுத்தது நாலு. கடைசியா தட்டுனது இன்னும் வரல."